பதினொரு பிஸ்கட்

"கையெழுத்துப் போட மாட்டேன்னு நான் சொல்லவே இல்லையே," என்றார் டாக்டரம்மா. "முதல்ல போட மாட்டேன்னுதான் சொன்னேன்."

ஒருங்கிணைப்பாளர் விடுதிப் படிவத்தைத் திரும்ப வாங்கி உறைக்குள் வைத்தாள். புதன்கிழமை காலையிலிருந்து அது உறையை விட்டு வெளியே வருவதும் உள்ளே போவதுமாக இருந்தது. நான்கு அலுவலகங்கள் கையெழுத்துப் போட வேண்டும்: பள்ளி, மருத்துவமனை, காவல் நிலையம், குழந்தைகள் நலத்துறை. நான்கிலும் நல்லவர்கள். நான்கிலும் நாற்காலி காட்டி உட்காரச் சொன்னார்கள். பேனாவை மட்டும் எடுக்கவில்லை.

காரணம் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது: 'முதலில் கையொப்பமிடும் அலுவலகமே பொறுப்பு அலுவலகமாகக் கருதப்படும்.'

பொறுப்பு அலுவலகம் என்றால் வாரம் ஒரு கூட்டம், மாதம் ஓர் அறிக்கை, எந்த நேரம் அடித்தாலும் எடுக்க வேண்டிய ஒரு தொலைபேசி. இரண்டாவதாகக் கையெழுத்துப் போடுகிறவருக்கு இதெல்லாம் கிடையாது. நன்றிக் கடிதம் மட்டும் வரும்.

"மத்தவங்க போட்டுட்டா, டாக்டர்?"

"அடுத்த நிமிஷம் போட்டுடுவேன். பாவம், அந்தப் பொண்ணு."

பாவம் என்பதில் நான்கு அலுவலகங்களுக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

"ஸ்டேஷன் பேரு முதல்ல இருந்தா, பொண்ணு ஏதோ தப்புப் பண்ணின மாதிரி தெரியும்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "பாவம், அதோட எதிர்காலம் என்னாகும்?"

"எங்களுக்கு நாலு மணிக்கு பெல் அடிச்சா முடிஞ்சுது," என்றார் பள்ளி ஆலோசகர். "அதுக்கப்புறம் அது போன் பண்ணினா யாரு எடுப்பா? பெல்லா எடுக்கும்?"

"எங்க துறை பேர்லயே 'நலம்' இருக்கு," என்றார் நலத்துறை அதிகாரி. "அதுக்கு மேல கையெழுத்து வேறயா?"

அவள் கூட்டு உதவி மையத்தில் ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. படித்தது வேதியியல். அவள் குரல் பக்கத்து நாற்காலியைத் தாண்டாது. மந்த வாயுக்களை ஒரே குடுவையில் எத்தனை நாள் வைத்தாலும் ஒன்றோடொன்று சேராது என்று பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். அதையே பிழைப்பாக்கிக்கொள்ள வேண்டிவரும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

மையத்தின் நடைவழி பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பதினாறு வயது. அம்மா நான்கு மாதமாக மருத்துவமனையில். சித்தி வீட்டில் இனி இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்துத் தெரு விடுதியில் முப்பது நாளுக்குத் தற்காலிகமாக ஒரு கட்டில் கொடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு முப்பது நாள் முடிகிறது. அதற்குள் படிவம் போய்ச் சேராவிட்டால் கட்டில் வேறு ஆளுக்கு. இவள் எங்கோ தொலைவில் இருக்கும் இன்னொரு விடுதிக்குப் போக வேண்டும். மூன்று வாரத்தில் பரீட்சை. அம்மாவைத் தினமும் போய்ப் பார்ப்பதும் நின்றுவிடும்.

"என்னக்கா, முதல் ஆள் கிடைச்சாங்களா?"

"கிடைச்சுடுவாங்க."

"கட்டிலுக்கும் நாலு கால்தான் இருக்கு. எந்தக் கால் முதல்ல தரையில பட்டுதுன்னு கேட்டுக்கிட்டா அது நிக்குது?"

இந்தக் கேள்வி வேதியியல் பாடத்திட்டத்தில் இருந்ததில்லை.

இந்த நேரம் பார்த்து மேலாளர் கூப்பிட்டார். முக்கியமான விஷயம் என்றார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஒரு பாக்கெட்ல பன்னிரண்டு பிஸ்கட். நம்ம கூட்டத்துக்கு வர்ற தட்டுல எப்பவும் பதினொண்ணு. மூணு மாசமா எண்ணிட்டு வர்றேன்."

"எலியா இருக்குமோ சார்?"

"எலி ஒண்ணோட நிறுத்துமா?"

அவள் யோசித்தாள். நிறுத்தாதுதான்.

"டீ அக்கா மேல எனக்குச் சந்தேகமே கிடையாது," என்றார் மேலாளர். "ஆனா அந்த ரூம்ல வேற யாரும் இல்லையே! நாசூக்காக் கேட்டுப் பாருங்க."

டீ அக்காவின் அறை நடைவழியின் கடைசியில் இருந்தது. ஓர் அடுப்பு, ஒரு தொட்டி, மூலையில் அலுவலகத்தின் அச்சுப்பொறி. டீ அக்கா வாய் பேசும் நேரத்தில் கை நாலு வேலை செய்யும். அந்தப் பெண்ணுக்குப் படிக்க வெளிச்சம் போதவில்லை என்று மேலாளர் அறை விளக்கைக் கழற்றி நடைவழியில் மாட்டச் சொன்னவர் அவர்தான்.

"அக்கா... பிஸ்கட்..."

"பசிக்குதாம்மா? காலையில சாப்பிட்டியா இல்லையா? இந்தா."

கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தின்றுவிட்டு வந்தாள்.

அன்று மாலைக் கூட்டத்துக்குப் போன தட்டில் பத்து இருந்தது.

வியாழக்கிழமை காலை அவளுக்கு ஒரு யோசனை வந்தது. வரிசை இருந்தால்தானே முதல், கடைசி? டீ அக்காவிடம் பிஸ்கட் தட்டை இரவல் வாங்கிக் காகிதத்தில் கவிழ்த்து ஒரு வட்டம் வரைந்தாள். சுற்றிலும் நான்கு கையெழுத்து. வட்டத்துக்கு ஏது தொடக்கம்?

நலத்துறை அதிகாரி காகிதத்தை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார்.

"கடிகாரம் கூட வட்டம்தான். ஆனா பன்னிரண்டு மணின்னு ஒரு இடம் இருக்கே. அங்க யாரு?"

மற்ற மூவரும் அதே கேள்வியைக் கேட்டார்கள். வட்டமே சந்தேகத்துக்குரியது என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். அவர் சொன்னால் அது பாதி வழக்கு மாதிரி.

மத்தியானம் நான்கு படிவங்கள் அச்சிட்டாள். ஆளுக்கு ஒன்று, தனித்தனியாகப் போடட்டும். இந்தத் தடவை நான்கு பேரும் மறுபேச்சில்லாமல் போட்டார்கள். அவள் ஏறக்குறைய ஓடிக்கொண்டே நடைவழிக்கு வந்தாள்.

"கிடைச்சுடுச்சு! நாலும்!"

அந்தப் பெண் நான்கையும் வரிசையாகப் பெஞ்சில் பரப்பினாள். கணக்குப் போடுகிறவர்களுக்கு எண்கள்தான் முதலில் கண்ணில் படும்.

"அக்கா, தேதியைப் பார்த்தீங்களா?"

டாக்டரம்மா நாளைய தேதி போட்டிருந்தார். இன்ஸ்பெக்டர் நாளை மறுநாள். பள்ளி ஆலோசகர் திங்கட்கிழமை. நலத்துறை அதிகாரி அடுத்த மாதம் முதல் தேதி.

விடுதிக்குத் தொலைபேசி செய்து, பரவாயில்லையா என்று கேட்டாள்.

"பரவாயில்லம்மா," என்றார் விடுதி எழுத்தர். "அடுத்த மாசக் கையெழுத்துக்கு அடுத்த மாசம் கட்டில் தரலாம்."

தேதியை மாற்றச் சொல்லி மறுபடி நான்கு இடமும் போனாள். நிலைமை இன்னும் மோசமானது.

"அவர் அடுத்த மாசமா போட்டிருக்கார்?" என்றார் டாக்டரம்மா. "கெட்டிக்காரர். என்னோடதைக் கொடும்மா, திருத்திடறேன்."

ஆக வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நான்கு பேரையும் ஒரே மேசைக்கு வரவழைத்தாள். ஒரே காகிதம். தேதியை அவளே அச்சிட்டுவிட்டாள். கட்டமும் இல்லை, எண்ணும் இல்லை, அடியில் வெற்றிடம் மட்டும்.

"எல்லாரும் ஒரே நேரத்துல போட்டுடலாம்," என்றாள். பக்கத்து நாற்காலியில் இருந்த டாக்டரம்மா அதை மற்றவர்களுக்கு உரக்கச் சொன்னார். "நான் மூணு எண்ணுறேன்."

நியாயம்தான் என்றார்கள். நான்கு பேரும் எழுந்து நின்று காகிதத்தின் மேல் குனிந்தார்கள்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

நான்கு பேனாக்கள் வேகமாக இறங்கி, காகிதத்துக்கு ஒரு விரல் மேலே நின்றன.

"மூணுன்னு சொல்லும்போதா, சொன்னப்புறமா?" என்று கேட்டார் பள்ளி ஆலோசகர்.

"சொல்லும்போது சார்."

"தெளிவாச் சொல்லணும்மா."

மறுபடி எண்ணினாள். மறுபடி ஒரு விரல். மூன்றாம் முறை டாக்டரம்மாவின் பேனா அரை விரல் வரை போய், சூடு பட்டதுபோல் திரும்பியது. இன்ஸ்பெக்டர் பேனாவின் மூடியையே கழற்றவில்லை என்பதை நலத்துறை அதிகாரி அப்போதுதான் பார்த்தார்.

"என்ன சார் இது, அநியாயம்!"

"பழக்க தோஷம்," என்றார் இன்ஸ்பெக்டர். "நீங்க மட்டும்? பேனாவைத் தலைகீழா புடிச்சிருக்கீங்க!"

நால்வரும் ஒரே நேரத்தில் கையை ஆட்டிப் பேசியதில் தண்ணீர்க் குவளை சாய்ந்தது. படிவம் நனைந்து மேசையோடு ஒட்டிக்கொண்டது. பிரித்து எடுத்தபோது பாதிதான் வந்தது.

மணி நாலே கால். அவளுக்கு அழுகை வந்தது. கணினியில் அச்சிடும் பொத்தானை அழுத்திவிட்டு, கதவருகே நின்ற டீ அக்காவிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அக்கா, டீ கொண்டு வரும்போது அச்சான காகிதத்தையும் கொண்டு வந்துடுங்க."

"யாரும்மா முதல்ல போடணும்?" என்று கேட்டார் டீ அக்கா.

"அதான் அக்கா தெரியல. யாராவது ஒருத்தர் போட்டுட்டா மத்தவங்க போட்டுடுவாங்க."

"அவ்வளவுதானா?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கண்ணாடிக் கதவு வழியாக அந்தப் பெண் தெரிந்தாள். கணக்குப் புத்தகத்தை மூடி, பையைக் கட்டி, அதை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டால் கிளம்பத் தயாராக. எந்தப் பக்கம் என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

டீ வந்தது. தட்டு வந்தது. பழக்கத்தில் எண்ணினாள். பதினொன்று. தட்டுக்கு அடியில் புதுப் படிவம். நான்கு பேரும் ஆளுக்கொரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தபடி இன்னும் பேனா மூடியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். நலத்துறை அதிகாரி தட்டை நகர்த்திக் காகிதத்தை இழுத்தார். பேச்சை நிறுத்தினார்.

"அட! போட்டாச்சா?"

காகிதத்தின் அடியில் நீல மையில் ஒரு கையெழுத்து. ஒரு சுழி, ஒரு கோடு, கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி. மருத்துவர் போட்டதாகவும் இருக்கலாம், அதிகாரி போட்டதாகவும் இருக்கலாம். பெரிய மனிதர்கள் கையெழுத்து எல்லாமே அப்படித்தான் இருக்கும்.

நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் 'உங்களோடதுதான்' என்று சொல்லிவிட்டால்?

அடுத்த ஒரு நிமிடத்தில் நடந்ததை அவளால் நம்ப முடியவில்லை. இன்ஸ்பெக்டர் மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றினார். பள்ளி ஆலோசகர் முழங்கையால் இடம் பிடித்தார். நான்கு கையெழுத்தும் மளமளவென்று விழுந்தன.

அதோடு நிற்கவில்லை.

"மாசா மாசம் செக்கப் நானே பாத்துக்கறேன்," என்றார் டாக்டரம்மா. "பொறுப்பு அலுவலகத்துக்கு எதுக்கு வீண் சிரமம்?"

"சாயங்காலம் அம்மாவைப் பாக்க எங்க வண்டியிலயே கூட்டிட்டுப் போறோம்," என்றார் இன்ஸ்பெக்டர். "சைரன் போட மாட்டோம்."

"பரீட்சை வரைக்கும் தனியா ஒரு மணி நேரம் சொல்லித்தர ஏற்பாடு பண்றேன்," என்றார் பள்ளி ஆலோசகர். "பெல் அடிச்சப்புறமும்."

"என் போன் நம்பரைக் குறிச்சுக்கோங்க," என்றார் நலத்துறை அதிகாரி. "பொறுப்பு அலுவலகம் எடுக்கலைன்னா என்னைக் கூப்பிடட்டும்."

"என்னோடதையும்."

"என்னோடதையும் எழுதும்மா."

பொறுப்பு அடுத்தவர் தலையில் என்று ஆனதும் மனிதர்களுக்கு எவ்வளவு பொறுப்பு வந்துவிடுகிறது! அவள் எழுதிக்கொண்டே இருந்தாள்.

நாலு ஐம்பதுக்கு விடுதியில் இருந்தார்கள். அவளுக்கும் அந்தப் பெண்ணுக்கும் மூச்சு இரைத்தது. விடுதி எழுத்தர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரல் வைத்து எண்ணினார்.

"நாலு ஆபீஸ்தானே? அஞ்சு கையெழுத்து இருக்கு!"

எழுத்தர் முத்திரையைக் கையில் எடுத்து, மையில் ஒற்றி, மேலே தூக்கி, கொஞ்சம் யோசித்தார்.

"குறைஞ்சாத்தான்மா சிக்கல்," என்று சொல்லிவிட்டுக் குத்தினார். "கூட இருந்தா நல்லதுதானே."

அந்தப் பெண் கட்டிலில் உட்கார்ந்து, குனிந்து அடியில் பார்த்தாள்.

"நாலும் தரையிலதான் இருக்கு, அக்கா," என்றாள். சிரிக்கத்தான் தொடங்கினாள். பிறகு பையை அணைத்துக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் நிமிர்கிற வரைக்கும் ஒருங்கிணைப்பாளர் சுவரில் ஒட்டியிருந்த விடுதி விதிகளை இரண்டு முறை படித்தாள்.

கைப்பையை எடுக்க மையத்துக்குத் திரும்பியபோது மேலாளர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"இன்னிக்கும் பதினொண்ணு! கேட்டீங்களா இல்லையா?"

"இதோ சார்."

டீ அக்கா தொட்டியில் குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். ஈரக் கையால் முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்தார்.

"பொண்ணுக்குக் கட்டில் கிடைச்சுதாம்மா?"

"கிடைச்சுதுக்கா." அவள் படிவத்தின் நகலை மெல்ல நீட்டி, விரலால் அந்தச் சுழியைத் தொட்டுக் காட்டினாள். "இது யாரு கையெழுத்துன்னு தெரியுமா அக்கா? அப்புறம்... அந்தப் பிஸ்கட் வேற..."

டீ அக்கா நகலைக் கூடப் பார்க்கவில்லை. கடைசிக் குவளையைக் கவிழ்த்து வைத்தார்.

"முழுத் தட்டுல யாரும் முதல்ல கை வைக்க மாட்டாங்கம்மா. அதான், பிஸ்கட்டா இருந்தா ஒண்ணை எடுத்துட்டுக் கொண்டு வருவேன். காகிதமா இருந்தா ஒண்ணைப் போட்டுட்டுக் கொண்டு வருவேன்."