முறைப்படி தொலைந்த கடலை

ஒரு காட்டில் அல்லியம்மாள் என்ற அணில் இருந்தது. ஆயுள் முழுக்க ஓடியாடி ஒரு பொந்து நிறைய நிலக்கடலை சேர்த்திருந்தது. கண்ணை மூடும் முன் ஆமை மருதப்பனையும் நரி செங்கோடனையும் கூப்பிட்டது.

"என் பிள்ளைங்க தலையெடுக்கற வரைக்கும் இந்தச் சொத்துக்கு நீங்கதான் அறங்காவலர். பெருக்கிக் குடுங்க. கரைச்சிடாதீங்க."

நரி தேம்பித் தேம்பி அழுதது. ஆமைக்கு அழத் தோன்றவில்லை, பயம்தான் வந்தது. அடுத்தவர் சொத்தைத் தொட்டு அதற்குப் பழக்கமில்லை.

காரியம் முடிந்த மறுநாளே நரி செல்போனோடு வந்தது.

"அண்ணே, என் மச்சான் கடலை இரட்டிப்பு நிலையம் வச்சிருக்கான். மொத்தத்தையும் அங்க போட்டுடுவோம். திரையில பாருங்க, எப்படிப் பெருகுதுன்னு!"

"நம்ம பொறுப்புல இருக்கற சொத்தை உன் மச்சான் கடையிலயே போடறது முறையா தம்பி? அதுவும் மொத்தமா?"

"சொந்தக்காரனை நம்பாம வேற யாரை நம்பறது?"

பேச்சு முற்றிக் கடைசியில் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டன.

ஆமை தன் பாதியை விதைத்தது. ஆற்றங்கரையில் கொஞ்சம், மேட்டில் கொஞ்சம், மூங்கில் புதருக்குப் பின்னால் கொஞ்சம். ஓரிடம் போனாலும் இன்னோரிடம் பிழைக்கட்டும் என்று நினைத்தது. தண்ணீர் சுமந்து ஊர்ந்ததில் அடிவயிறு தேய்ந்துபோனது. மேட்டில் விளைந்ததைக் காட்டுப்பன்றிகள் கிளறித் தின்றுவிட்டன. மற்ற இரண்டு இடங்களிலும் கடலை கொத்துக் கொத்தாகக் காய்த்தது. ஆமை தனக்கென்று ஒன்றைக்கூட உடைத்துப் பார்க்கவில்லை.

நரியின் மச்சான் கடையைப் பூட்டிக்கொண்டு அடுத்த காட்டுக்குப் போய்விட்டது.

ஆமை விளைந்ததைப் பறித்து முடிப்பதற்குள், பசித்த அணில் பிள்ளைகள் கரடி நீதிபதியிடம் போய் அழுதன. விசாரணை நடந்தது. கரடி முதலில் ஆமையைப் பார்த்தது.

"மேட்டுக் கடலை என்ன ஆயிற்று?"

"பன்றி தின்னுடுச்சு சாமி. ஆனா மத்த இடத்துல..."

"கேட்டதற்கு மட்டும் பதில். நிபுணரைக் கலந்தாயா?"

"மண்ணைத் தொட்டுப் பார்த்தேன் சாமி."

கரடி முகத்தைச் சுளித்தபடி நரியிடம் திரும்பியது. "நீ?"

"கலந்தேன் எஜமான். மச்சானே நிபுணர்தான். கூட்டம் போட்டோம். தீர்மானம் ஏகமனதா நிறைவேறுச்சு."

"கூட்டத்தில் யார் யார் இருந்தீர்கள்?"

"நானும் மச்சானும்."

கரடி திருப்தியாகத் தலையாட்டித் தீர்ப்புச் சொன்னது. "நரி எல்லாவற்றையும் முறைப்படி செய்திருக்கிறது. கடலை போனது விதி. ஆமையோ யாரையும் கேட்காமல் பிறர் சொத்தை மண்ணைத் தோண்டிப் புதைத்திருக்கிறது. மேட்டு நஷ்டத்தை அது தன் கையிலிருந்து ஈடுகட்ட வேண்டும். மற்ற விளைச்சலை இனி நரியே நிர்வகிக்கட்டும். இவ்வளவு பெரிய இழப்பைக் கையாண்ட அனுபவம் இந்தக் காட்டில் வேறு யாருக்கு இருக்கிறது?"

"மாமா, அப்போ எங்களுக்குச் சாப்பாடு?" என்று சின்ன அணில் ஆமையைக் கேட்டது. ஆமையால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

அன்று மாலையே நரி அறங்காவலர் கூட்டத்தைக் கூட்டியது. வந்தவர்களுக்குச் சுடச்சுட பஜ்ஜி. பொரித்தது சுத்தமான கடலை எண்ணெயில்.

நீதி: அனாதைச் சொத்தை விளையவைக்காதே, கணக்குக் கேட்பார்கள். முறைப்படி தொலைத்துவிடு, மிச்சத்தையும் உன்னிடமே ஒப்படைப்பார்கள்.