ஏகாம்பரம் சார் வாங்கிய தொண்ணூற்று நான்கு

ஒரு காட்டில், மழை பெய்யாத நாளெல்லாம் ஒழுகாத ஓர் அரசுப் பள்ளி இருந்தது. ஆற்றங்கரை வேலமரம்தான் கட்டடம். ஏகாம்பரம் என்ற தூக்கணாங்குருவி அங்கே ஒற்றை வாத்தியார். குஞ்சுகளுக்குக் கூடு கட்டச் சொல்லித் தருவது அவர் வேலை. பின்னல் பாடம் முடிந்துவிட்டது. கூட்டைக் கிளையில் கட்டும் முடிச்சு ஒன்றுதான் பாக்கி. ஐப்பசி மழைக்கு இன்னும் ஐந்தே நாள்.

அன்று பார்த்துக் கொக்கு வந்து சேர்ந்தது. அது மதிப்பீட்டு அலுவலர். கழுத்தில் டேப்லெட் தொங்கியது.

"சார், ஆசிரியர் தரத்தை அளக்கச் சொல்லி உத்தரவு. தகுதி, அனுபவம், மனப்பான்மைன்னு மூணு படிவம். அறுபது மார்க் வரலைன்னா இந்தப் பள்ளியை எதிர்க்கரைப் பள்ளியோட இணைச்சிடுவாங்க."

ஏகாம்பரம் குஞ்சுகளைத் திரும்பிப் பார்த்தார். ஆற்றைத் தாண்டும் அளவுக்குக் குஞ்சுகளுக்கு இன்னும் சிறகு முளைக்கவில்லை.

முதல் படிவத்துக்குச் சான்றிதழ் காட்டினார். கறையான் பாதியைத் தின்றிருந்ததால் பாதி மார்க் கிடைத்தது. இரண்டாவதில் பத்தொன்பது வருட அனுபவம் என்று எழுதினார். அதில் பதினாறு வருடம் தற்காலிகப் பணி. ஆகவே அந்தப் பதினாறு வருடமும் அவர் சும்மா இருந்ததாக முடிவாயிற்று.

மூன்றாவதில்தான் வம்பு. மாணவர் தவறு செய்தால் கோபம் வருமா? 'சில சமயம்' என்று உண்மையைப் போட்டுவிட்டார். பணியில் சோர்வு உண்டா? 'வெள்ளிக்கிழமை சாயங்காலம்.' ஆக மொத்தம் நாற்பத்தொன்று.

கொக்கு சிறகால் தலையில் அடித்துக்கொண்டது. "உண்மையை எழுத இதென்ன டைரியா சார்? மூணாவதுக்கு மட்டுமே தொண்ணூறு மார்க், அதை மறுபடி போடுங்க, தூக்கிக் கொடுத்துடும். நூத்திருபது கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் ஆதாரம் இணைக்கணும். அஞ்சு நாள் டைம்."

நெட்வொர்க் உச்சிக்கிளையில் மட்டுமே கிடைத்ததால் ஏகாம்பரம் அங்கே போய் உட்கார்ந்தார். கீழே பூவரசி என்ற குஞ்சு, காலில் நாரைச் சுற்றிக்கொண்டு காத்திருந்தது.

"சார், முடிச்சு எப்படி சார் போடறது?"

"கொஞ்சம் பொறும்மா. உன் மேல எனக்கு எவ்வளவு அக்கறைன்னு எழுதிட்டு இருக்கேன்."

மறுநாளும் கேட்டது. அப்போது அவர் 'மாணவரின் சந்தேகத்தை உடனே தீர்ப்பீர்களா?' என்ற கேள்விக்கு 'எப்போதும்' என்று போட்டுவிட்டு ஆதாரத்துக்கு அலைந்துகொண்டிருந்தார். பூவரசியை மேலே கூப்பிட்டு, நாரைப் பிடித்தபடி சிரிக்கச் சொல்லி, படம் எடுத்துக்கொண்டு கீழே அனுப்பிவிட்டார். அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பள்ளியே போய்விட்டால் முடிச்சை எங்கே உட்கார்ந்து சொல்லித் தருவது?

ஐந்தாம் நாள் படிவம் போய்ச் சேர்ந்தது. தொண்ணூற்று நான்கு மார்க். காட்டிலேயே முதலிடம். ஏகாம்பரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது.

குஞ்சுகள் தெரிந்தமட்டும் கட்டியிருந்தன. பின்னலில் ஒரு குறை சொல்ல முடியாது, ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. முடிச்சுதான் நிற்கவில்லை. கூடுகள் ஒவ்வொன்றாக ஆற்றில் விழுந்து, குஞ்சுகளோடு மிதந்து, எதிர்க்கரையில் ஒதுங்கின. எதிர்க்கரைப் பள்ளி எல்லோரையும் சேர்த்துக்கொண்டது.

மழை விட்டதும் கொக்கு பாராட்டுச் சான்றிதழோடு வந்தது.

"பிள்ளைங்களை எங்கே காணோம்?"

"எதிர்க்கரைக்குப் போயிட்டாங்க. நான் ஒரு எட்டு பறந்து போய் முடிச்சை மட்டும் சொல்லிக் கொடுத்துட்டு வரட்டுமா?"

"பணியிடத்தை விட்டுப் போகக் கூடாது சார், முதலிடம் வாங்கின பள்ளி." கொக்கு டேப்லெட்டைத் தட்டிப் பார்த்தது. "பிள்ளைங்க இல்லைன்னா பரவாயில்லை. அதுக்குக் கட்டமே இல்லை. மார்க் குறையாது."

ஏகாம்பரம் சான்றிதழை வாங்கி வேலமரக் கிளையில் கட்டித் தொங்கவிட்டார். கார்த்திகை முழுக்கப் புயலும் மழையுமாக அடித்தது. அந்த முடிச்சு அவிழவே இல்லை.

நீதி: பிள்ளைகள் மேல் உள்ள அக்கறையை உரிய படிவத்தில் காட்டுக, பிள்ளைகளிடம் காட்டினால் ரசீது கிடைக்காது.