என் மீசையில் கிடைத்த திருடன்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. அதற்குப் பிறகு நான் எதையும் விடவில்லை. பந்தல்குடி ரோட்டில் எண்ணெய் மில், அருப்புக்கோட்டையில் கடை, உப்புத்தண்ணி ஊரில் நல்லதண்ணிக் கிணறு, மாடி வீடு, எல்லாம் இந்தப் பத்து விரல் கட்டியது. ஆனால் இந்தப் பத்து விரலையும் என் பெண்டாட்டிகூட நின்று பார்த்ததில்லை. பார்த்த ஒரே ஆள் பவுடர் சார்.

ஜில்லாவிலேயே மனுசன் முகத்தைப் பார்க்காத ஒரே மனுசன் அவர். போலீசில் கைரேகை பார்க்கிற உத்தியோகம். திருட்டுப் போன வீட்டில் பிரஷ்ஷால் பொடி தூவுவார், அதனால் அந்தப் பேர். பஸ் ஸ்டாண்டில் நான் கும்பிட்டால் யாரென்று முழிப்பார். விரலை நீட்டினால், "அட, மில் மொதலாளி!" என்பார். டீ கிளாசை விளிம்பில் இரண்டு விரலால் வெடிகுண்டு மாதிரித் தூக்குவார்.

எண்பதுகளில் ஒரு திங்கட்கிழமை, திருச்சுழியில் காதுகுத்துக்கு வீட்டோடு போயிருந்தோம். திரும்பி வந்தால் பின்கதவை நெம்பித் திறந்து போட்டிருக்கிறது. பீரோ மட்டும் சாவி போட்டுத் திறந்திருக்கிறது. நகைப்பெட்டி இல்லை. சாவியை என் போட்டோவுக்குப் பின்னால்தான் வைப்பேன். அது எனக்கும் என் மில் ஆள் சோலைக்கும் மட்டும்தான் தெரியும். போலீஸ் சோலையைக் கூட்டிப்போனது.

வெள்ளிக்கிழமை அவன் மகளுக்குக் கல்யாணம். அப்பன் ஸ்டேஷனில் இருந்தால் தாலி கட்டமாட்டோம் என்று பாலவனத்தத்து மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள்.

சோலை பெண்டாட்டி என் வாசலில் நின்றாள். "மொதலாளி, அவுக எடுத்திருப்பாகன்னு நெனைக்கிறீகளா?"

என்னோடு கிணறு வெட்டியவன். எடுக்கமாட்டான் என்று நெஞ்சு சொன்னது. வாய், "போலீஸ் பாத்துச் சொல்லட்டும்" என்றது.

பவுடர் சார் வருவதற்குள் என் மாமியார் வேலையை முடித்திருந்தார். கள்ளன் கால் பட்ட வீடாம். தரைக்கு மஞ்சத்தண்ணி, கதவுக்குச் சாம்பல், பீரோவுக்குச் சோப்பு. பவுடர் சார் பெட்டியை வைத்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"ஏம்மா, பொட்டு மட்டும் வைக்க மறந்துட்டீகளோ?"

"பீரோவுக்கு வச்சிருக்கேனே, பாக்கலையா?"

அப்போதுதான் அவர் கண் என் போட்டோவில் நின்றது. மில் திறப்புவிழாவில் எடுத்தது. "இதுல மட்டும் ஏன் இம்புட்டுத் தூசி?"

"அதைத் தொட விடமாட்டாக," என்றாள் என் வீட்டுக்காரி. "ஒருக்கா ஈரத்துணி போட்டுத் தொடச்சதுல தண்ணி எறங்கி மீசை பாதி போயிருச்சு. அதுலருந்து உத்தரவு."

பவுடர் சார் பொடி தூவினார். மிச்சமிருந்த பாதி மீசைமேல், கண்ணாடியில் பளிச்சென்று ஒரு பெருவிரல் ரேகை!

உடனே எங்கள் எல்லாரையும் பத்து விரலும் மையில் வைக்கச் சொன்னார். எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு வர எனக்குப் பத்து வருசம் பிடித்தது.

"நான் கையெழுத்துப் போடுற ஆளு சார்!"

"ஐயா, ஒங்க கையெழுத்தை எவனும் போட்ருவான். இதை எவனும் போட முடியாது. ஒங்க ரேகையைக் கழிச்சாத்தான் அவன் ரேகை மிஞ்சும். சோலைக்காகப் போடுங்க."

போட்டேன். ஸ்டேஷனில் சோலை விரலையும் எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனார். அங்கே பழைய கேடிகளின் ரேகைச் சீட்டு கட்டுக்கட்டாக இருக்கும். லென்சை வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

வியாழக்கிழமை மத்தியானம் போன் வந்தது. "மீசைக்காரரே, ஒங்க சோலை இல்லை! வெளியூர்க் கேடி. எந்த வீட்டுக்குள்ள போனாலும் மொதல்ல சாமி படத்துக்குப் பின்னாடி சாவி தேடுவான், அடுத்து மொதலாளி படம்."

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். ஸ்டேஷன் வாசலில் சோலை கையைப் பிடித்துக்கொண்டேன். "ஏலே, மன்னிச்சிரு" என்றேன். "பந்தலுக்கு நேரமாச்சு மொதலாளி" என்றான்.

கல்யாணத்துக்குப் பவுடர் சாரும் வந்தார். பெண்ணின் முகத்தைப் பார்க்கவேயில்லை. மருதாணி விரலைப் பார்த்து, "பத்தும் பத்து விதம், நல்லா இரு தாயி" என்றார்.

இந்தக் கேசைக் கண்டுபிடித்தது பவுடர் சார் என்றுதான் ஊரே பேசுகிறது. பொடி அவருடையது, ஒத்துக்கொள்கிறேன். மீசை யாருடையது? எழுதுகிறவர்கள் என் பங்கையும் சேர்த்து எழுத வேண்டும்.

அவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். அவர் தூவிய பொடி இன்னும் அந்தக் கண்ணாடியில் இருக்கிறது. இன்றைக்கும் யாரும் துடைக்கக் கூடாதென்று உத்தரவு. இப்போது அது மீசைக்காக இல்லை.