பால்வாடியில் ஒரு நாள் மிராசுதார்

சேசு மரி சூசை துணை

புங்கஞ்சேரி,
திருத்துறைப்பூண்டி தாலுகா,
24-10-1973, புதன்கிழமை.

நாகப்பட்டினம் மச்சான் அருள்சாமி அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் பெரியநாயகசாமி கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கு நானும், உங்கள் தங்கை செபஸ்தியம்மாளும், குழந்தை அமலியும், சினையாக இருக்கும் செவலைப் பசுவும் மாதாவின் தயவில் சுகம். அங்கு நீங்கள், அக்கா, உங்கள் இரத்தக் கொதிப்பு எல்லாம் எப்படி என்று எழுதவும். இரத்தக் கொதிப்பைத் தனியாக விசாரிப்பதற்குக் காரணம் உண்டு. இந்தக் கடிதத்தை மாத்திரை போட்டுக்கொண்ட பிறகு படிப்பது நல்லது.

உயிர்ப்புத் திருநாளுக்கு நாங்கள் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது அமலி தன் அம்மாவின் முந்தானையைவிட்டு வெளியே வராதது உங்களுக்கு நினைவிருக்கும். பிஸ்கட் காட்டினீர்கள், சாவி கொடுத்தால் ஓடும் ரயில் காட்டினீர்கள், கடைசியில் உங்கள் பல்செட்டைக் கழற்றியும் காட்டினீர்கள். பிள்ளை முந்தானைக்குள் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டதே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதுதான் நீங்கள், நாலு வயசில் இப்படி இருந்தால் உருப்படாது, எங்கிட்ட விடுங்க, கான்வென்ட்டில் போட்டு இங்கிலீஷ் பேச வைக்கிறேன் என்றீர்கள். தமிழே பேசாத பிள்ளை நேராக இங்கிலீஷ் பேசிவிடும் என்பதை, எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் மட்டும் தோற்றவன் என்ற முறையில் நான் உடனே நம்பிவிட்டேன். இப்போது ஒரு பிள்ளை மாற்றலாகிப் போனதில் எல்.கே.ஜி.யில் இடம் காலி என்றும், கான்வென்ட் மதர் கேட்கும் கேள்விக்குப் பிள்ளை வாய் திறந்து பதில் சொன்னால் சேர்த்துக்கொள்வார்கள் என்றும், சனிக்கிழமை நீங்களே வந்து அழைத்துப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். போய்விட்டால் இனி கிறிஸ்துமஸுக்கும் பெரிய லீவுக்கும்தான் எங்கள் வீட்டில் பிள்ளை. நானும் உங்கள் தங்கையும் யோசித்தோம். சம்மதம், வாருங்கள். பிள்ளை வாய் திறந்துவிட்டாள். எப்படித் திறந்தாள் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு வருவது உங்களுக்கும் மதருக்கும் நல்லது என்பதற்காகவே இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

ஆடி மாதம் முதல் அவளை எங்கள் ஊர் மாதர் சங்கக் கட்டடத்தில் நடக்கிற பால்வாடிக்கு அனுப்புகிறோம். வயலுக்குப் போகிற பெண்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற இடம். நீங்கள் கேள்விப்பட்டு, கூலியாட்கள் பிள்ளைகளோடு மண்ணில் புரளவா அனுப்புகிறாய் என்று எழுதினீர்கள். ஆமாம் மச்சான், புரளத்தான் அனுப்பினோம். தங்கம்மாள் டீச்சர் என்று ஓர் அம்மாள். காந்தி கிராமத்துப் பக்கம் போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தவர். மணலைக் கொட்டி வைத்திருக்கிறார், சிரட்டை வைத்திருக்கிறார், உடைந்த மரக்கால் ஒன்று வைத்திருக்கிறார். சிலேட்டும் இல்லை, பிரம்பும் இல்லை. எப்போது பாடம் நடத்துவீர்கள் என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, இப்போது நடக்கிறதே என்று மணலைக் காட்டினார். அந்த அம்மாளுக்குச் சம்பளம் சும்மா போகிறது என்று அன்று முடிவு கட்டிக்கொண்டேன்.

என் நிலைமையும் உங்களுக்குத் தெரியும். மடத்து நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவன். மடத்துக் காரியஸ்தரைக் கண்டால் என் துண்டு இடுப்புக்கு இறங்கிவிடும். நடவு நாளில் அதே துண்டு தோளுக்கு ஏறிவிடும். இந்தத் தாளடி நடவுக்கு எங்கள் பக்கம் முழுக்கக் கூலித் தகராறு. கூலி பேசி முடிக்காமல் வயலில் இறங்குவதில்லை என்று நடவுப் பெண்கள் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். பறித்துக் கட்டிய நாற்றுமுடிகள் வாய்க்காலில் கிடந்து பழுக்கின்றன. பெண்களுக்குத் தலைவி காளியம்மாள்; நல்ல மனுஷி, ஆனால் அவர் என்னைப் பார்த்தால் நான் வேறு பக்கம் பார்ப்பேன். பெரிய மிராசுதார்கள் பேசி முடிக்கட்டும், அவர்கள் சொன்னது நமக்கும் என்று, நீங்கள் வாங்கிக்கொடுத்த கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு ரோட்டில் நின்றேன். போன திங்கட்கிழமை அப்படி நின்றபோதுதான் தங்கம்மாள் டீச்சர் வந்தார். பால் பவுடர் மூட்டை எடுக்க யூனியன் ஆபீசுக்குப் போக வேண்டும், ஆயா சமைக்கணும், நீங்க சும்மாதானே நிக்கிறீங்க, கொஞ்ச நேரம் பிள்ளைங்களோட இருங்க என்றார். சும்மா நிற்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பதற்கு உடனே ஒரு பதில் தோன்றவில்லை. போய்விட்டேன்.

டீச்சர் பஸ் ஏறியதும், இதுதான் சமயம், பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி கொடுப்போம் என்று சுவரில் கரியால் ஏ, பி, சி எழுதினேன். சி வரைக்கும் மரியாதையாகக் கேட்டார்கள். டீக்கடை யூசுப் பாய் மகன் மூஸா, இதை எங்கே நடணும் என்று கேட்டான். எனக்குப் புரியவில்லை. அதற்குள் எல்லோரும் எழுந்து மணலுக்குப் போய்விட்டார்கள், நானும் கரியோடு பின்னால் போனேன். அங்கே வரப்புக் கட்டி, சிரட்டையால் தண்ணீர் விட்டு, புல்லைப் பிடுங்கி முடி கட்டி, நடவுக்குத் தயாராக ஒரு வயல் கிடந்தது. நடவுக்கு எல்லாப் பெண்டுகளும் தயார். ஒரே ஒரு குறை, மிராசுதாராக இருக்க யாருக்கும் இஷ்டமில்லை. அது சும்மா குந்தியிருக்கணும், ஆட்டமே இல்லை என்று மூஸா மறுத்துவிட்டான். எல்லாப் பார்வையும் என் பக்கம் திரும்பியது. கூடையைக் கவிழ்த்து உட்காரவைத்து, என் குடையையே விரித்து என் கையில் கொடுத்தார்கள். நிஜமாக ஒரு சென்ட் நிலம் சொந்தமில்லாதவன், மச்சான், அன்றைக்கு முதல் தடவையாக மிராசுதார் ஆனேன். கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. ம், எறங்குங்க, நேரமாவுது என்று ஒரு அதட்டலும் போட்டேன்.

யாரும் இறங்கவில்லை. வரப்பில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நடுவில் இருந்து ஒரு குரல் வந்தது.

“பேசாம எறங்க மாட்டோம்.”

அமலி. உங்கள் வீட்டில் பல்செட்டுக்கும் மசியாத அதே அமலி. நான் குடையை மடக்கிவிட்டுப் பார்த்தேன், மறுபடி விரித்துவிட்டுப் பார்த்தேன், அவள்தான். பெத்த அப்பன் என்ற உரிமையில், எழுந்திருடி என்றேன். அவள் பக்கத்துப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிள்ளை அடுத்ததன் கையை. அதற்குள் ஆயா உப்புமாவை இறக்கிவிட்டுச் சாப்பிடக் கூப்பிட்டார். கோதுமை உப்புமா என்றால் சட்டி காலியாகிற வரை எழுந்திருக்காத கூட்டம், ஒன்றும் அசையவில்லை. வெறும் வயிற்றோடு பிள்ளைகள் இருந்தால் டீச்சர் வந்து என்னைத்தான் கேட்பாங்க, நீங்க ஆச்சு உங்க நடவு ஆச்சு என்று ஆயா அடுப்பங்கரைக்குப் போய்விட்டார்.

இந்த இடத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். தஞ்சாவூர் ஜில்லாவில் குடை பிடித்த எவனும் இதைத்தான் செய்திருப்பான் என்பதைத் தவிர எனக்கு வேறு சமாதானம் இல்லை. சாப்பாட்டு மணி அடித்துப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து பெரிய பிள்ளைகள் ஓடிவந்தார்கள். ஆளுக்கொரு பொரியுருண்டை தருகிறேன், இந்த வயலை நட்டுக்கொடுங்கள் என்று கூப்பிட்டேன். வெளியாள் வேலைக்கு வந்துவிட்டால் இதுகள் தானாக எழுந்திருக்கும் என்பது என் கணக்கு. பெரிய பிள்ளைகள் இறங்கினார்கள். வரப்பு போயிற்று, வாய்க்கால் போயிற்று, புல்முடிகள் காலடியில் போயின. அடுத்த நிமிஷம் பால்வாடி மொத்தமும் வயலின் குறுக்கே மல்லாந்து படுத்துவிட்டது. ஒருவன் சிரட்டையை எறிந்தான், ஒருத்தி கடித்தாள், பொரியுருண்டை என் சட்டைப் பையிலேயே நசுங்கியது, மணல் என் தலையில் எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. ஆயா கரண்டியோடு வெளியே வந்து பெரிய பிள்ளைகளை விரட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

“வெளியாளு வச்சு நடவு போட்டா எந்த ஊருல சும்மா விடுவாங்க?”

கூடையை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். சரி, பேசுவோம், என்ன வேண்டும் சொல்லுங்கள் என்றேன். மச்சான், அவர்களுக்கே தெரியவில்லை. யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. தலையோடு தலை வைத்துக் குசுகுசுவென்று பேசினார்கள். மூஸா குடை வேண்டும் என்றான். அது பிறகு என்று அமலி அவனை உட்காரவைத்தாள். அப்புறம் என் முன்னால் வந்து நின்று, முந்தானை எதையும் பிடிக்காமல், என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

“நீ சும்மா குந்தியிருக்கக் கூடாதுப்பா. நீயும் எறங்கணும்.”

இறங்கினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கலைந்த வரப்பைச் சரிபண்ணிவிட்டு, அவர்களோடு வரிசையில் நின்று புல் நட்டேன். நடவில் பின்பக்கமாகப் போக வேண்டும் என்பதை மறந்து முன்னால் நடந்து, நட்டதையெல்லாம் நானே மிதித்தேன். வரிசை கோணல் என்று திரும்ப நடவைத்தார்கள். உப்புமாவும் சாப்பிட்டார்கள், சட்டி காலி. கைக்குழந்தைகளுக்குப் பால் கொடுக்க வந்த நடவுப் பெண்கள் வாசலில் நின்று எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்களோ தெரியாது. நான் குனிந்தபடி பின்னால் போய்க் காளியம்மாளின் காலில் முட்டிய பிறகுதான் நிமிர்ந்தேன். மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“இதுங்ககிட்ட என்ன வேணும்னு கேட்டீங்கள்ல. எங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

தங்கம்மாள் டீச்சர் மூட்டையோடு வந்து இறங்கியதும் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், வேறு யாராவது சொல்வதற்கு முன்னால். எங்க பிள்ளையை இப்படிக் கெடுத்துவச்சிருக்கீங்களே என்று கொஞ்சம் காரமாகவும் கேட்டேன். அவர் மூட்டையை இறக்கிவிட்டு நிதானமாகச் சொன்னார்: “வந்த புதுசுல தண்ணி வேணும்னாகூட கேக்காது சார் இது. பாவாடைய நனைச்சிக்கிட்டு நிக்கும். இன்னைக்கி பத்துப் பிள்ளைக்காகவும் சேத்துக் கேட்டிருக்கு. நாலு வயசுல இதுக்கு மேல நான் என்ன சொல்லிக் குடுக்கறது?” சுவரில் எழுதிய ஏ, பி, சியைத் துடைத்துவிட்டுப் போகச் சொன்னார். துடைத்தேன்.

அன்று சாயங்காலமே பெரிய மிராசுதார்கள் யாரையும் கேட்காமல் வரப்புக்குப் போய், குடையில்லாமல் உட்கார்ந்து, காளியம்மாளிடம் பேசினேன். பேசி முடிந்தது. மறுநாள் என் வயலில் நடவு. மிச்சம் இருந்த நல்ல நாற்று ஏறிவிட்டது. பெரிய மிராசுதார்களின் பண்ணைக் காரியக்காரர் இப்போது என்னைக் கண்டால் சைக்கிளை வேறு தெருவில் திருப்புகிறார். பரவாயில்லை, தெரு அகலமாக இருக்கிறது.

ஆகவே மச்சான், மதரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கேள்வி கேட்டால் பிள்ளை பதில் சொல்லும். ஆனால் மதரையும் திரும்பக் கேள்வி கேட்கும். பெஞ்சில் கைகட்டி உட்கார் என்றால், ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் உட்கார்ந்துவிடும். சொல்லாவிட்டால் மற்றப் பிள்ளைகளும் அதனோடு தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். மற்றபடி நல்ல பிள்ளை. தகரப் பெட்டி வாங்கிவிட்டோம், கவுனுக்கு அளவு கொடுத்துவிட்டோம். என்னைப் போல அவளும் இங்கிலீஷுக்குப் பயந்து சாகக் கூடாது. அந்த ஒரு காரணத்துக்காக என் மனசைக் கல்லாக்கிக்கொண்டேன். கல் நன்றாகவே இருக்கிறது, கவலைப்பட வேண்டாம். சனிக்கிழமை காலை பஸ்ஸுக்கு ரோட்டில் நிற்பேன்.

அக்காவுக்கு என் தோத்திரம். வீட்டில் சின்னவர்களுக்கு என் முத்தங்கள். உங்கள் குடும்பத்துக்கு ஆரோக்கியமாதா ஒரு குறையும் வைக்காமல் காப்பாற்ற வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புள்ள
சூ. பெரியநாயகசாமி

பின்குறிப்பு: மேலே உள்ளது நேற்று எழுதியது. இன்று காலை தபாலில் போடக் கிளம்பும்போது அமலியைக் கூப்பிட்டு, மாமா வருவார், கப்பல் காட்டுவார், அங்கேயே இருந்து படிக்கிறியா என்று கேட்டேன். அழுவாள், அந்தச் சாக்கை வைத்து உங்களுக்கு ஒரு வரி எழுதிவிடலாம் என்று எனக்கு உள்ளூர ஓர் எண்ணம் இருந்தது. அவள் அழவில்லை. போறேன் என்றாள். பெட்டியைத் திறந்து தன் பாவாடை சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்தாள். அப்புறம் கொடியிலிருந்து என் வேட்டியை உருவி, அதையும் நாலாக மடித்து மேலே வைத்து மூடினாள். அது எதுக்குடி என்று உங்கள் தங்கை கேட்டதற்கு, “அப்பாவ யாருகிட்ட விட்டுட்டுப் போறது?” என்றாள். உங்கள் தங்கை பெட்டியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, அண்ணனுக்குச் சனிக்கிழமை என்ன குழம்பு வைக்கிறது என்று என்னைக் கேட்டாள். கோழிக் குழம்பு என்றேன். ஆகவே மச்சான், சனிக்கிழமை அவசியம் வரவும். நன்றாகச் சாப்பிடவும். வெறுங்கையோடு திரும்பவும்.