சுழியோடி அண்ணையும் விலாங்கும்

கனடாவின் ஸ்காபரோவில் குளிர்தண்ணீரைக் கண்டு சந்தோசப்பட்ட ஒரே தமிழன் எங்கள் சுழியோடி அண்ணைதான். ஏப்ரல் மாதத்தில் நாங்கள் கை கழுவவே யோசிப்போம். அவர் ஒன்ராரியோ ஏரிக்கு அடியில் மீன்களுக்குக் கை காட்டிக்கொண்டிருப்பார்.

சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. எங்கள் அடுக்குமாடியில் அது அவருடைய தபால்பெட்டிக்கு மட்டும்தான் தெரியும். ஊரில் இருந்தவரை முழங்காலுக்கு மேல் கடலில் இறங்காத மனிதர். ஐம்பத்திரண்டு வயதில், நாரிநோவுக்கு, அதுதான் இடுப்புவலிக்கு, நீந்தச் சொன்னார் டொக்டர். நீச்சல்குளத்துச் சுவரில் ஸ்கூபா பழக்குவதாக ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நாரிநோவும் போனது, அண்ணையும் தண்ணீருக்குள் போய்விட்டார்.

குளிர்தண்ணீரில் இறங்க, ஒரு சொட்டு ஈரமும் உள்ளே வராத றப்பர் உடுப்பு ஒன்று வாங்கினார். வீட்டில் போட்டுப் பார்த்தவருக்குக் கழற்றத் தெரியவில்லை. கத்தரிக்காய் நிற முகத்தோடு என் கதவைத் தட்டினார்.

"தம்பி, கெதியா இழும்! கழுத்து!"

நான் இழுத்தேன். அவருடைய மனைவி ரதி அக்கா பின்னால் நின்று பேபி பவுடர் கொட்டினா. ஒருவழியாகத் தலை வெளியே வந்தபோது மா பூசிய பலகாரம் மாதிரி இருந்தார்.

"பரவாயில்லை தம்பி. தண்ணி உள்ள வராது எண்டது நிச்சயம்."

"காத்தே வரேல்லை, தண்ணி எப்பிடி வரும்?" என்றா அக்கா.

சனிக்கிழமை காலைகளில் அந்த உடுப்போடும் முதுகில் சிலிண்டரோடும் லிஃப்டில் இறங்குவார். ஒருமுறை உடுப்புத் தோய்க்கப் போன அன்ரி ஒருவர் அவரைக் கண்டு கூடையோடு பின்வாங்கினா.

"ஐயோ, பேஸ்மென்டில வெள்ளமோ?"

கல்யாண வீடுகளிலும் ஏரிக் கதைதான். கல்லுக்குக் கீழே முட்டைகளைக் காவல் காக்கும் ஒரு சின்ன ஆண்மீனைப் பற்றி, மாப்பிள்ளையின் தகப்பனுக்கே விளங்கப்படுத்தினார். "தகப்பன் எண்டால் உவன் தகப்பன்! விரல் நீளம்தான். என்ர கண்ணாடியில வந்து இடிச்சவன்!"

பிறகு மீன் சாப்பிடுவதையும் விட்டார்.

"முகம் பாத்துப் பழகின ஆக்களை எப்பிடிச் சாப்பிடுறது?"

"விளைமீனை எங்க பாத்துப் பழகினீங்கள்? அது வேற சமுத்திரம்!"

"சொந்தக்காரர்தானே, ரதி."

ஒரு மே மாத ஞாயிறு என்னையும் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனார். அவரோடு சேர்ந்து சுழியோடுகிற போலந்துக்காரத் தச்சர் ஒருவரும் வந்திருந்தார். இருவரும் இறங்கினார்கள். நானும் அக்காவும் தேத்தண்ணிப் பிளாஸ்க்கோடு கரையில் இருந்தோம்.

இருபது நிமிடத்தில் தச்சர் மட்டும் மேலே வந்தார். கலங்கலில் அண்ணையைத் தவறவிட்டுவிட்டாராம். அப்படித் தவறினால் ஒரு நிமிடம் தேடிவிட்டு இருவரும் மேலே வந்துவிட வேண்டும், அதுதான் முறை. ஒரு நிமிடம் போனது. மூன்று போனது. தச்சர் மறுபடியும் தண்ணீருக்குள் இறங்கினார். நான் போனை எடுத்தேன். கடவுச்சொல்லை இரண்டுமுறை பிழையாக அடித்தேன்.

நிமிர்ந்தால், பக்கத்தில் அக்கா இல்லை. சப்பாத்தோடும் கோட்டோடும் இடுப்பளவு ஐஸ் தண்ணீரில் நின்றுகொண்டு ஏரியைப் பார்த்து அண்ணையைக் கூப்பிட்டுக் கத்தினா.

"இஞ்சேருங்கோ! இஞ்சேருங்கோ!"

அலை மட்டும் வந்து அவவின் கோட்டில் அடித்தது. அக்கா இன்னும் ஓர் அடி முன்னால் வைக்க, நான் ஓடிப்போய்க் கோட்டைப் பிடித்தேன். அப்போதுதான் தூரத்தில் ஒரு கறுப்புத் தலை எழும்பியது. பின்னாலேயே தச்சரும் வந்தார். அண்ணையின் கையில் கிழிந்த வலைச் சிக்கு.

"ரதி! ஒரு விலாங்கு மாட்டுப்பட்டுக் கிடந்தது. வலையை வெட்டி விட்டிட்டன். என்ர கையளவு நீளமடி! அவசரத்தில திரும்பியும் பாக்காமல் போயிட்டுது, பாவம்."

அவர் கிட்ட வந்ததும் அக்கா இரண்டு கையாலும் அவருடைய நெஞ்சில் குத்தினா. காற்று நிறைந்த உடுப்பு 'பொம், பொம்' என்று சத்தம் போட்டது.

"விலாங்குக்குப் பெண்சாதி இல்லை. உங்களுக்கு இருக்கு!"

அண்ணை அப்போதுதான் அவவின் நீலம் பாரித்த உதட்டைக் கண்டார். அவவைக் கரைக்குக் கூட்டிவந்து, மண்டியிட்டு, நனைந்த சப்பாத்தைக் கழற்றி, அக்காவின் பாதங்களைக் கரையில் கிடந்த தன் கம்பளித் தொப்பிக்குள் வைத்துத் தேய்த்தார்.

அடுத்த முறையிலிருந்து அவருடைய இடுப்பில் ஒரு கயிறு. மறுமுனை அக்காவின் கையில். அக்கா இழுத்தால் அவர் பதிலுக்கு இழுக்க வேண்டும். "மீனை நிம்மதியாப் பாக்க விடுறாளில்லை" என்று என்னிடம் முறைப்பாடு சொன்னார். முகத்தில் அப்படியொரு பெருமை.

போன வருடம் மகளோடு இருக்கவென்று வன்கூவர் பக்கம் போய்விட்டார்கள். அங்கே உண்மையான குளிர்கடல். போன கிழமை அண்ணை போன் எடுத்தார். எட்டுக் கையுள்ள பேய்க்கணவாய் ஒன்று பாறை இடுக்கிலிருந்து கை நீட்டி, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டதாம்.

"விடுகுதில்லைத் தம்பி! நானும் இழுக்காமல் இருந்திட்டன். அதுக்கு விட மனமில்லைப் போல."

எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. வழியனுப்பப் போன அன்று, விமான நிலையத்தில், அவருடைய கையை விட எனக்கும் மனம் வரவில்லை.