நரகத்தில் ஒரு சின்னராசு

செத்துப்போன ஒருவர் மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்கு ஜீப்பில் வந்து இறங்கினார்.

அவர் பெயர் சகோதரர் பரலோகராஜ். கீழ்நாட்டில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் மஞ்சள் காமாலையில் செத்து, நரகத்தை மூலை விடாமல் சுற்றிப் பார்த்து, மூன்றாம் நாள் எழுந்து காபி கேட்டாராம். சொன்னது அவரேதான். செத்தவரே சொல்லும்போது சாட்சி எதற்கு? நெல்லிவாசலிலிருந்து திருப்பத்தூர் போய்த் திரும்ப மலை ஜனங்களுக்கு இரண்டு நாள் பிடிக்கும். இவர் நரகத்துக்கே போய் மூன்று நாளில் திரும்பிவிட்டார். அங்கே ரோடு நன்றாக இருக்கும் போலிருக்கிறது.

அது 1978, புளி உலுக்கும் பங்குனி மாதம். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பந்தல் போட்டார்கள். ஜீப் பேட்டரியில் ஒலிபெருக்கி முழங்கியது. பந்தலின் பின்னால் ஒரு துணிப்படம் தொங்கியது. அதில் கொம்பு வைத்த பிசாசுகள் மனிதர்களைக் கொப்பரையில் போட்டுத் துழாவிக்கொண்டிருந்தன. பிசாசுகள் மட்டும்தான் சிரித்த முகமாக இருந்தன.

ஞாயிறுதோறும் கூட்டம் நெரிந்தது. பரலோகராஜ் கண்ணை மூடிக்கொண்டு செத்தவர்களைப் பெயர் சொல்லி அழைப்பார்.

"கோபால்சாமி! நெல்லிவாசல் கோபால்சாமி! தேன் எடுக்கப் போய்ப் பாறையிலிருந்து விழுந்தவனே! எரிகிறேன், ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுங்கள் என்று கதறுகிறாயே!"

கோபால்சாமியின் வீட்டார் மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவருவார்கள். முன்பின் பார்க்காத மனிதர் பெயரைச் சொல்கிறார், செத்த விதத்தைச் சொல்கிறார். இதற்கு மேல் என்ன வேண்டும்? ஜெபம் நடக்கும். ஜெபத்துக்கு முன் காணிக்கை நடக்கும். தேன், சாமை, எல்லாவற்றுக்கும் மேல் புளி. நரகத்துக் கதவு பித்தளைக் கதவாக இருக்கவேண்டும். புளி போட்டுத் தேய்த்தால்தான் திறக்கிறது.

அவர் செய்த தர்மமும் ஒன்று உண்டு. வாரநாளில் அவருடைய ஜீப் சந்தைக்குப் போகிற ஜனங்களைச் சும்மா ஏற்றிக்கொண்டு போகும். டிரைவர் தாவீது பிறவிச் செவிடு. ஜீப்பை நிறுத்த வேண்டுமென்றால் தோளைத் தட்ட வேண்டும். கடைசி ஞாயிற்றுக்கிழமை தாவீதின் காதைத் திறந்து காட்டுவதாகப் பரலோகராஜ் அய்யா அறிவித்திருந்தார். கடைசி வரைக்கும் ஏன் அடைத்து வைத்திருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை.

செந்தாமரையும் கேட்கவில்லை. அவளுக்குக் கூட்டம் என்றாலே கூச்சம். அண்ணன் ரங்கன், அண்ணி அம்சவல்லியோடு பந்தலின் ஓரமாக உட்கார்ந்து படத்துப் பிசாசுகளை வேடிக்கை பார்ப்பாள். மூன்றாவது ஞாயிறு அய்யா இவர்கள் பக்கம் திரும்பும் வரைக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

"மாசி மாதம் காய்ச்சலில் போன பெண்குழந்தை! மூன்று மாதக் குழந்தை! ஞானஸ்நானம் பெறாமல் போய்விட்டாயே! அக்கினியில் கிடந்து பாலுக்கு அழுகிறாயே!"

அம்சவல்லி சத்தமே இல்லாமல் மண்ணில் சாய்ந்தாள். செந்தாமரைக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, எழுந்துவிட்டாள்.

"அது இன்னா தப்பு பண்ணுச்சுங்க? குப்புறக்கூட வுழல."

"ஆதிபாவம் சகோதரி. ஆதாம் தின்னக்கூடாத பழத்தைத் தின்றான். அந்தப் பாவம் எல்லாரையும் பிடிக்கும்."

"அந்தாளு எந்த ஊருங்க?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்றார்கள். செந்தாமரை சிரிக்கவில்லை. "எங்க ஊருல பலாப்பழம் திருடுனா, திருடுனவன்தாங்க தண்டம் கட்டணும். ஊர்க்கவுண்டரு அவனை ஒரு பொழுது நிக்க வெச்சு வுட்டுடுவாரு. உங்க சாமி, எவனோ தின்ன பழத்துக்கு எங்க வூட்டுக் கொழந்தய நாளெல்லாம் வேகவெக்குதா?"

"நாளெல்லாம் இல்லை. நித்தியத்துக்கும்" என்றார் அய்யா, திருத்துகிறவர்போல. பிறகு ரங்கனிடம் குரலைத் தாழ்த்தினார். குழந்தை ஆத்துமாவை மீட்பது சாதாரண வேலையல்ல. வீட்டுக்குப் பின்னால் இரண்டு புளியமரம் இருக்கிறதல்லவா? அடுத்த ஞாயிறு ஊழியத்துக்கு எழுதிக் கொடுத்து ரேகை வைத்தால், குழந்தை அன்றைக்கே பரலோகம் போய்விடும்.

அந்த இரண்டு மரம்தான் அவர்களுக்கு வருஷம் முழுக்கச் சோறு. ஆனாலும் ரங்கன் தலையாட்டினான். வேறென்ன செய்வான்? அன்று முதல் அம்சவல்லி அடுப்பு மூட்டவில்லை. தீக்குச்சி உரசினால் அதில் குழந்தை தெரிந்தது. ஊறவைத்த அரிசியைக்கூட மெல்ல மாட்டேன் என்று சுவரைப் பார்த்துக் கிடந்தாள். அவளுக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வேறு.

புதன்கிழமை செந்தாமரை புளிக்கூடையோடு ஜீப்பில் போனாள். வளைவில் பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் பின்சீட்டிலிருந்து முனகினாள். "குமட்டுதுடி. நிறுத்தச் சொல்லு."

தோளைத் தட்டச் செந்தாமரை கையை நீட்டினாள். கை போய்ச் சேருவதற்கு முன்பே ஜீப் நின்றுவிட்டது.

பெரியம்மாள் இறங்கி வாந்தி எடுத்தாள். செந்தாமரை தாவீதின் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரமாக இந்த ஜீப்பில் பெண்கள் என்னவெல்லாம் பேசினார்கள்? மாமனார் செத்த கதை, மச்சான் பாறையிலிருந்து விழுந்த கதை. செவிடன்தானே என்று ஊர்ச் சாவையெல்லாம் அவன் முதுகுக்குப் பின்னால் கொட்டினார்கள். குழந்தை போனதை அம்சவல்லி அழுது சொன்னதும் இந்தச் சீட்டில்தான்.

வீட்டில் சொன்னால் நம்புவார்களா? அண்ணி நம்பமாட்டாள். செந்தாமரை பெரியம்மாளிடம் மட்டும் ரகசியம் சொன்னாள். வெள்ளிக்கிழமை இருவரும் டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தார்கள்.

"எங்க சின்னராசு போயி நாப்பது நாளு ஆவுதுக்கா" என்று மூக்கைச் சிந்தினாள் செந்தாமரை.

"ஆமாண்டி, இன்னா உடம்பு, இன்னா நடை" என்றாள் பெரியம்மாள்.

"பொறந்ததும் தாய முழுங்கிட்டான். நான்தான பால் ஊட்டி வளத்தேன். பெரிய சண்டக்காரன், எங்க அண்ணன் பேச்சுக்கு மட்டும் அடங்குவான். சந்தவாசல் பக்கம் ஓட்டத்துக்குப் போனவன், பள்ளத்துல வுழுந்து காலு முறிஞ்சு, அதுலயே போய்ட்டான்."

ஒரு வார்த்தை பொய்யில்லை. ஜீப்பிலிருந்த மற்றப் பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார்கள். தாவீது அதை அழுகை என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

கடைசி ஞாயிறு வந்தது. உச்சிவெயிலில் பந்தல் கொள்ளாத கூட்டம். மேஜைமேல் காகிதமும் மைக்கூடும் தயாராக இருந்தன. அம்சவல்லியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். ரங்கன் கட்டைவிரலில் மை தடவியாகிவிட்டது. அப்போது அய்யா கண்ணை மூடினார். நல்ல வியாபாரி கடைசியில் ஒரு பிடி கொசுறு போடுவதில்லையா?

"பொறுங்கள். இதே வீட்டிலிருந்து இன்னோர் ஆத்துமா கூப்பிடுகிறது. சின்னராசு!"

பந்தலில் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

"தாயில்லாப் பிள்ளை சின்னராசு! சந்தவாசல் பக்கம் கால் முறிந்து செத்தவனே! கொப்பரையில் கிடந்து அக்கா, அக்கா என்று அழுகிறாயே!"

செந்தாமரை எழுந்தாள். "அவன் இன்னா பாவம் பண்ணான்னு கேட்டு சொல்லுங்க அய்யா."

"குடி சகோதரி. சாராயம். பிறகு, சொல்ல நாக்கு கூசுகிறது, பெண்கள் சகவாசம்."

பின்வரிசையில் ஒருவன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குலுங்கினான்.

"இன்னா துணி போட்டிருக்கான்?"

"வெள்ளைச் சட்டை. எரிந்து கரியாகிவிட்டது."

"தலையில கொம்பு தெரியுதுங்களா?"

அய்யா இரக்கத்தோடு புன்னகைத்தார். "கொம்பு பிசாசுகளுக்குத்தான் இருக்கும் சகோதரி."

"எங்க சின்னராசுக்கும் இருந்துச்சுங்க. ரெண்டு. பொங்கலுக்குப் பெயிண்ட்டு அடிச்சோம்."

மாலை போட்டு அந்தக் காளையைப் புதைத்த ஊர் அது. பந்தலே அதிரும்படி சிரித்தது. எருது ஓட்டத்தில் பரிசு வாங்கிய காளை, சட்டை போட்டுக்கொண்டு சாராயம் குடித்த கதையைக் கேட்டுக் கிழவிகள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ரங்கன் சிரிக்கவில்லை. சின்னராசு கதையை ஜீப்பில் தாவீதின் முதுகுக்குப் பின்னால்தான் பேசியதாகச் செந்தாமரை அவன் காதில் சொன்னாள். மை விரலோடு தாவீதின் பின்னால் போய் நின்று, அடிக்குரலில் சொன்னான். "மொதல்ல இவன் ஜேபில இருக்குற ஜீப்பு சாவிய எடுங்கடா."

தாவீதின் கை சட்டென்று ஜேபியைப் பொத்தியது.

"காது தொறந்துடுச்சுங்க அய்யா" என்றாள் பெரியம்மாள். "நீங்க கையகூட வெக்கல."

அன்றைக்கு நடந்த உண்மையான அற்புதம் அது ஒன்றுதான். ஊர்க்கவுண்டர் ஜீப்பிலிருந்த புளி மூட்டைகளை இறக்கச் சொன்னார். பரலோகராஜ் ஏறி உட்கார்ந்துகொண்டு, "நம்பாதவர்களுக்கு அக்கினிக் கடல்" என்று சாபமிட்டார்.

"பரவால்லிங்க, அங்கதான் சின்னராசு இருக்கான். முட்டி வெளிய தள்ளிடுவான்" என்றாள் செந்தாமரை.

ஊர்க்கோயில் பூசாரி முனிசாமிக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "நம்ம சாமிங்க இப்படியா ஜனங்கள எரிக்குது? நான் அப்பவே சொன்னேன்."

"உங்களயும் ஒருநாள் ஜீப்புல ஏத்திப் பாக்கணுங்க" என்றாள் அவள். பூசாரிக்குத் திடீரென்று வேறு வேலை ஞாபகம் வந்தது.

எல்லாரும் கலைந்த பிறகு அம்சவல்லி கேட்டாள். "காளை பொய்தான். எம்புள்ள? அதுவும் பொய்யா?"

"நம்ம கையாலதான அண்ணி மண்ணுல வெச்சோம்? அந்த எடத்தத் தொட்டுப் பாரு, வா."

இருவரும் போனார்கள். அந்தச் சின்ன மேட்டின்மேல் அம்சவல்லி உள்ளங்கையை வெகுநேரம் வைத்திருந்தாள். புளியமர நிழலில் மண் குளிர்ந்து கிடந்தது.

"சுடல" என்றாள்.

"சுடாது அண்ணி."

பொழுது சாயும்முன் அவர்கள் வீட்டுக் கூரையில் புகை எழும்பியது. அடுப்பில் வெந்தது சாமைச்சோறு. நெருப்புக்கு இந்த உலகத்தில் இருக்கும் வேலை அவ்வளவுதான்.

நரகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று இன்னொருவர் வருவார். வேறு ஜீப்பில், வேறு சாமியின் படத்தோடு வருவார். அவரைக் கேள்வி கேட்க நமக்குத் தலைமேல் கொம்பு முளைக்க வேண்டியதில்லை. தலைக்குள் ஒன்று இருக்கிறதே, அதைக் கொஞ்சம் அசைத்தால் போதும்.