மூணாறில் ஓடிய படகு

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. நாலாம் வகுப்போடு நின்றவள். ஞாபகமும் குறைவு. தப்பாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் எங்கள் சபைப் பெண்கள் சிலர் பாறசாலையிலிருந்து மூன்று நாள் சுற்றுலா போனோம். ஆலப்புழை, அதிரப்பள்ளி, மூணாறு. பிறந்தது முதல் கேரளத்தில்தான் இருக்கிறேன். பக்கத்திலிருக்கும் பூவாருக்கு அப்பால் எதையும் கண்டதில்லை.

பஸ்ஸில் எனக்கு வாந்தி வரும். நெய்யாற்றின்கரை தாண்டுமுன்பே மாத்திரை போட்டேன். பக்கத்து வீட்டுத் தங்கம் விடவில்லை.

"இன்னொண்ணு போடுங்கக்கா, மலை ஏறணுமாக்கும்."

போட்டேன். (சாப்பாட்டுக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே இருந்தேன்.) பிறகு கேரளம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் வந்தது. கண் திறந்தால் ஒருமுறை படகு, ஒருமுறை குளிர். இன்னொருமுறை பெரிய இரைச்சல், முகத்தில் சாரல். மழை என்று ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டேன்.

"எக்கா, அது அருவியாக்கும்! தொறங்க!" என்று பின்னால் கத்தினார்கள். திறப்பதற்குள் அருவி போய்விட்டது. (அருவி எங்கே போகும்? பஸ்தான் போயிருக்கும்.)

இவ்வளவோடு போயிருந்தால் பரவாயில்லை. எங்கள் சபையில் சுற்றுலா போய்வந்தால், வயதில் மூத்தவள் பெண்கள் கூட்டத்தில் எழுந்து கண்டதைச் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் போகிற கூட்டம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. மைக்கைப் பிடித்து இரண்டு முறை தோத்திரம் மட்டும் சொன்னேன்.

"பயப்படாதீங்க, கண்டதச் சொன்னா போரும்," என்றார் போதகரம்மா.

கண்டிருந்தால்தானே! தூங்கிவிட்டேன் என்று சொல்ல வெட்கம்.

"மூணாறில படகு உண்டு," என்றேன். "தேயிலைத் தோட்டத்துக்கு நடுவுல போவுது. ஆலப்புழையில பயங்கரக் குளிர். கம்பிளி எடுக்காம போவாதீங்க."

என்னோடு வந்தவர்கள் நான் வேடிக்கை பேசுகிறேன் என்று சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த எஸ்தர் ஒருத்தி மட்டும் நம்பிவிட்டாள். ஆலப்புழையில் கம்பிளியோடு இறங்கி, வேர்த்துக் கொட்டி, ஆத்திரத்தில் அதை லாட்ஜிலேயே விட்டுவிட்டு, மூணாறில் நடுநடுங்கியிருக்கிறாள். திரும்பி வந்ததும் நேரே என் வீட்டுக்கு வந்தாள்.

"எக்கா, நீங்க எந்தக் கேரளத்துக்குப் போனிய?"

"மாத்திரை போட்டேன் மக்கா," என்று அப்போதுதான் உண்மையைச் சொன்னேன்.

இன்றைக்கும் மத்தியானம் நான் கண் அசந்தால், மகன் மருமகளிடம், "சத்தம் போடாத, அம்மா மூணாறுக்குப் போயாச்சு," என்பான்.

விழித்திருந்தவர்கள் யாராவது இதை ஒருமுறை சரிபார்த்துத் தாருங்கள். அந்த அருவி வந்தது மூணாறுக்கு முன்னாலா, பின்னாலா? எஸ்தரிடம் கேட்டால் சொல்லுவாள். கேட்கச் சொன்னது நான் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.